எஸ்கேப் அழுத்தினால் என்ன ஆக வேண்டும்? வரைகலை ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அசோக் நகரில் ஒரு சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடுக்குள் ஓடும் ஆட்டோலிஸ்ப் (அதற்கான நிரல்மொழி, சுருக்கமாக லிஸ்ப்) ஸ்கிரிப்ட்டுகள் எழுதுவது என் வேலையில் பாதி. புதிதாக எழுத வருபவர்கள் கணக்கையும் வடிவியலையும் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் தடுமாறுவது வேறு இடத்தில்: ஸ்கிரிப்ட் ஒரு கேள்வி கேட்கிறது, எதிரே இருப்பவர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறார், அப்போது என்ன செய்வது? 2024 பதிப்பிலிருந்து ஆட்டோகேட் எல்டி என்ற வசதி குறைந்த வடிவிலும் லிஸ்ப் ஓடுகிறது. அதனால் எல்டி மட்டும் வைத்திருக்கும் சின்ன அலுவலகங்களிலிருந்தும் இதே கேள்விகள் வருகின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பகுதி ஆட்டோகேட் பற்றியது. ரைனோ (முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள்), அடோபி பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

பயனர் நடுவில் விட்டுவிட்டுப் போனால் அப்படி என்ன நஷ்டம்? ஸ்கிரிப்ட் நின்றுவிடும், அவ்வளவுதானே?

நின்றுவிட்டால் பரவாயில்லை. பாதி வேலையில் நின்றுவிடுவதுதான் ஆபத்து.

எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தூண்களைக் கட்டம் கட்டமாக வைக்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். ஆரம்பித்ததும் 'ஆஸ்மோட்' என்ற அமைப்பை 0 ஆக்கிவிடும். கோட்டின் முனை, நடு, சந்திப்பு என்று கர்சர் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் வசதி அப்போது அணைந்துவிடும். வேலை முடிந்ததும் பழைய எண்ணைத் திருப்பி வைக்கும். நடுவில் இரண்டு புள்ளிகள் கேட்கும். ஒருநாள் எங்கள் மூத்த டிராஃப்ட்ஸ்மேன் அண்ணன் முதல் புள்ளியைக் கொடுத்துவிட்டு, போன் வந்ததால் எஸ்கேப் அழுத்திவிட்டுப் போனார். ஸ்கிரிப்ட் நின்றது. ஆஸ்மோட் 0-விலேயே நின்றது.

திரும்பி வந்தவர் அடுத்த மூன்று மணி நேரம் சுவர் வரைந்தார். திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. மாலையில், "தம்பி, இந்த ஹேட்ச் உள்ளே நிறையவே மாட்டேங்குதே" என்று கூப்பிட்டார். மூடிய வடிவத்துக்குள் கோடுகளை நிரப்புவதுதான் ஹேட்ச். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு மூலைகூட மூடவில்லை. எல்லாக் கோடுகளும் ஒன்றிலிருந்து ஒன்று ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றன. 10 அடிக்கு 3048 என்று வர வேண்டிய அளவு ஓரிடத்தில் 3045, இன்னோரிடத்தில் 3051. அடுத்த நாள் காலை முழுக்க அதைச் சரிசெய்வதிலேயே போனது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் கைதான் தவறிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. தவறு ஸ்கிரிப்டில் இருந்தது, பழியைச் சுமந்தவர் அதைப் பயன்படுத்தியவர்.

எஸ்கேப் அழுத்துபவர் தன் வரைபடத்தைத் தான் விட்ட இடத்தில், விட்ட நிலையில் திரும்பக் கேட்கிறார். கொடுத்தே ஆக வேண்டும்.

அதற்கு எளிய வழி ஏதாவது உண்டா?

உண்டு. கேட்க வேண்டியதையெல்லாம் முதலில் கேட்டு முடியுங்கள். கிடைத்ததைச் சரிபாருங்கள். அதற்கு அப்புறம்தான் அமைப்புகளையோ வரைபடத்தையோ தொட வேண்டும். அந்தத் தூண் ஸ்கிரிப்டில் ஆஸ்மோடை மாற்றும் வரியை இரண்டு புள்ளிகளையும் வாங்கிய பிறகு போட்டிருந்தால் மேலே சொன்ன கதையே நடந்திருக்காது. புள்ளி கேட்கும்போது கர்சர் முனையில் ஒட்டுவதும் பயனருக்கு வேண்டிய உதவிதான். அதைப் பிடுங்க எந்தக் காரணமும் இல்லை. வரிகளின் வரிசையை மாற்றுவதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

என்டர், எஸ்கேப், ரைட் கிளிக் எல்லாம் "வேண்டாம்" என்றுதானே அர்த்தம்?

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டால் மற்ற எல்லாமே குழம்பும்.

சுவர் கனம் கேட்கும் ஒரு ஸ்கிரிப்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒன்பது இஞ்ச் சுவர்தான் வழக்கம் என்பதால் கேள்வியின் முடிவில் கோண அடைப்புக்குள் 230 என்று காட்டுகிறீர்கள். அங்கே என்டர் தட்டுபவர், "நீ சொன்ன 230-ஏ சரி" என்கிறார். எஸ்கேப் அழுத்துபவர், "இந்த வேலையே வேண்டாம்" என்கிறார். ஸ்பேஸ் பார் தட்டினால் ஆட்டோகேடில் அதுவும் என்டர்தான். ரைட் கிளிக்கையும் பலர் என்டராகவே அமைத்து வைத்திருப்பார்கள்.

ஸ்கிரிப்ட்டுக்கு இவை வந்து சேரும் விதமும் வேறு. என்டர் தட்டினால், முறையே புள்ளி, நீளம், எண், முழு எண் கேட்கும் 'கெட்பாயிண்ட்', 'கெட்டிஸ்ட்', 'கெட்ரியல்', 'கெட்இன்ட்' எல்லாம் 'நில்' என்ற வெறுமையைத் திருப்பித் தரும். ஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓடும். எஸ்கேப் அழுத்தினால் எந்த மதிப்பும் திரும்பாது. "ஃபங்ஷன் கேன்சல்டு" என்ற செய்தியோடு ஒரு பிழை எழும்பி, ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே அறுந்துவிடும். முன்னதை 'இஃப்' என்ற நிபந்தனை போட்டுப் பிடிக்கலாம். பின்னதை அப்படிப் பிடிக்க முடியாது.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும்போது 'நில்' என்பதைத் தமிழாகவே படியுங்கள் என்பேன். நில் வந்தால் நில். அந்த மதிப்பை அடுத்த கணக்குக்குள் அனுப்பாதே. அனுப்பினால் "நியூமெரிக் மதிப்பு இல்லை" என்ற வகையில் ஒரு செய்தி கமாண்ட் லைனில் (கட்டளைகளை அடிக்கும் வரியில்) சிவனே என்று வந்து நிற்கும். பயனருக்கு அதில் ஒன்றும் புரியாது.

பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், காலி இடத்தில் கிளிக் செய்துவிடுகிறார்கள். ஸ்கிரிப்ட் உடனே முடிந்துவிடுகிறது. ஏன்?

'என்ட்செல்' காலி இடத்தில் கிளிக் செய்தாலும் நில் தரும், என்டர் தட்டினாலும் நில் தரும். கை தவறியவரையும் "போதும்" என்றவரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. பிரித்தறிய 'எர்நோ' என்ற அமைப்பைப் பாருங்கள். கேட்பதற்கு முன் அதை 0 ஆக்கிவிடுங்கள். கேட்ட பிறகு அதில் 7 இருந்தால் கிளிக் குறி தவறியது, மறுபடி கேளுங்கள். 52 இருந்தால் என்டர், மரியாதையாக முடித்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே 0 ஆக்காவிட்டால் போன தடவையின் எண் அப்படியே உட்கார்ந்திருந்து ஏமாற்றும்.

பல பொருள்களை ஒன்றாக எடுக்கும் 'எஸ்எஸ்கெட்' ஒன்றுமே சிக்காவிட்டால் நில் தரும். அதையும் பார்க்காமல் நேராக எண்ணப் போகாதீர்கள்.

சரி, எஸ்கேப்பை எப்படிப் பிடிப்பது?

ஆட்டோலிஸ்பில் இருபுறமும் நட்சத்திரக் குறி போட்ட 'எர்ரர்' என்ற ஒரு ஃபங்ஷன் உண்டு. எந்தப் பிழை வந்தாலும், எஸ்கேப் உட்பட, கட்டுப்பாடு அங்கே போகும். உங்கள் கமாண்டுக்குள் அந்தப் பெயரில் சொந்தமாக ஒன்றை எழுதி, பெயரை உள்ளூர் மாறிகளின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கமாண்ட் முடிந்ததும் பழைய எர்ரர் ஃபங்ஷன் தானாகத் திரும்பிவிடும். பட்டியலில் சேர்க்க மறந்தால் அன்று முழுக்க மற்ற எல்லா ஸ்கிரிப்டின் பிழைகளும் உங்கள் ஃபங்ஷனுக்கே வந்து விழும்.

அதற்குள் என்ன எழுதுவது? மாற்றிய அமைப்புகளைத் திருப்பி வைப்பது: ஆஸ்மோட், சிஎம்டிஎக்கோ (கட்டளைகள் ஓடுவதைத் திரையில் காட்டுவதா என்ற அமைப்பு), நடப்பு லேயர் (இப்போது வரையும் அடுக்கு). அன்டூ குழுவை (பல வேலைகளை ஒரே அன்டூவில் நீக்கக் கட்டும் தொகுப்பை) திறந்திருந்தால் மூடுவது. அப்புறம் செய்தி. எஸ்கேப் என்பது பயனரின் முடிவு. அதற்கு "பிழை" என்று கத்த வேண்டியதில்லை. செய்தியில் கேன்சல், பிரேக், எக்ஸிட் என்ற சொற்களில் ஏதாவது இருந்தால் பேசாமல் இருங்கள். வேறு செய்தி என்றால் மட்டும் காட்டுங்கள், அது உங்கள் ஸ்கிரிப்டின் உண்மையான கோளாறு.

இரண்டு குழிகள் இருக்கின்றன. ஒன்று, பழைய ஆஸ்மோடை ஒரு மாறியில் எடுத்து வைப்பதற்கு முன்பே பிழை வந்தால் அந்த மாறி நில். அதை அப்படியே திருப்பி வைக்கப் போனால் பிழையைக் கையாளும் இடத்திலேயே இன்னொரு பிழை. 'மாறியில் ஏதாவது இருந்தால்' என்று ஒரு இஃப் போடுங்கள். இரண்டாவது, 2015 பதிப்பிலிருந்து எர்ரர் ஃபங்ஷனுக்குள், ஆட்டோகேட் கட்டளைகளை ஓட்டும் 'கமாண்ட்' என்பதை முன்போல நேரடியாக அழைக்க முடியாது. 'கமாண்ட்-எஸ்' பயன்படுத்த வேண்டும். பழைய லிஸ்ப் ஃபைல்களை எங்கிருந்தோ வாங்கி வந்து ஓட்டும் அலுவலகங்களில் எஸ்கேப் அழுத்தியதும் விசித்திரமான செய்தி வருவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

பிழையை அந்த வரியிலேயே பிடித்து, ஸ்கிரிப்டைத் தொடர்ந்து ஓட்ட வேண்டுமா? 'விஎல்-கேட்ச்-ஆல்-அப்ளை' வழியாக கெட்பாயிண்ட்டை அழையுங்கள். எஸ்கேப் வந்தால் ஸ்கிரிப்ட் அறுந்து போகாமல் ஒரு பிழைப் பொருள் கையில் வரும். அடுத்த கேள்விக்கு அது உதவும்.

நடுவில் நிறுத்தினால் அதுவரை வரைந்ததை அழித்துவிடலாமா?

இதற்கு ஒரே விதி கிடையாது. வேலையின் தன்மையைப் பார்க்க வேண்டும்.

படிக்கட்டு வரையும் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால் பாதிப் படிக்கட்டு யாருக்கும் பயன்படாது. தொடக்கத்தில் ஒரு அன்டூ குறி, முடிவில் ஒரு குறி என்று வைத்திருந்தால் எர்ரர் ஃபங்ஷனில் குழுவை மூடிவிட்டு ஒரு 'யு' (அன்டூ) கொடுத்தால் எல்லாம் சுத்தமாகப் போய்விடும். ஸ்கிரிப்ட் நன்றாக முடிந்த நாளிலும் இந்தக் குழு தேவை. பிடிக்கவில்லை என்று பயனர் ஒருமுறை அன்டூ செய்தால் படிக்கட்டு மொத்தமாகப் போக வேண்டும். ஒவ்வொரு கோடாக நாற்பது முறை அழுத்த வைக்கக் கூடாது.

கதவு வைக்கும் ஸ்கிரிப்ட் அப்படியல்ல. ஒரு அடுக்குமாடித் தளத்தில் 14 கதவுகளை ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, 15-வதில் ஒருவர் எஸ்கேப் அழுத்துகிறார். "போதும்" என்பதற்கு அவர் கை பழகியிருப்பது அந்த விசைதான். பதினான்கையும் அழித்தால் அவர் அந்த ஸ்கிரிப்டை இனி தொடவே மாட்டார், நியாயமும் கூட. ஆகவே சுற்றாக (ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்படி) ஓடும் வேலையில் என்டர், எஸ்கேப் இரண்டையும் "இதுவரை வைத்தது இருக்கட்டும்" என்றே எடுத்துக்கொள்கிறேன். அங்கே எஸ்கேப்பைப் பிடிக்கத்தான் மேலே சொன்ன 'விஎல்-கேட்ச்-ஆல்-அப்ளை'.

கூடவே, அடுத்த கேள்வி எதை ஏற்கலாம் என்று சொல்லும் 'இனிட்கெட்' மூலம் 'அன்டூ' என்ற சொல்லையும் அனுமதியுங்கள். கடைசிக் கதவு மட்டும் தப்பு என்றால் 'யு' தட்டி அதை மட்டும் எடுக்கலாம். அப்போது கெட்பாயிண்ட்டிடமிருந்து புள்ளிக்குப் பதில் ஒரு எழுத்துச்சரம் வரும் என்பதால், வந்தது எது என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சுழியம், மைனஸ் எண், எழுத்து என்று எதை வேண்டுமானாலும் அடிக்கிறார்களே?

எழுத்தை ஆட்டோகேடே தடுத்து மறுபடி கேட்கும். சுழியத்தையும் மைனஸையும் தடுப்பது உங்கள் பொறுப்பு. இனிட்கெட்டுக்கு 1 கொடுத்தால் என்டர் ஏற்காது, 2 கொடுத்தால் சுழியம் ஏற்காது, 4 கொடுத்தால் மைனஸ் ஏற்காது. கூட்டியும் கொடுக்கலாம். சுவர் கனத்துக்கு 6 போதும். 7 கொடுத்தால் என்டரும் மறுக்கப்பட்டு, நீங்கள் காட்டிய 230 என்ற இயல்பு மதிப்பு பயனற்றுப் போகும். எதைக் கொடுத்தாலும் எஸ்கேப் வேலை செய்யும், அந்தக் கதவை யாரும் அடைக்க முடியாது.

இனிட்கெட் அடுத்து வரும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் செல்லும். சுற்றுக்கு வெளியே ஒருமுறை எழுதிவிட்டு, முதல் கதவுக்குத் தடுத்தது இரண்டாவதற்கு ஏன் தடுக்கவில்லை என்று தேடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சுற்றுக்கு உள்ளே எழுதுங்கள்.

நீளம் கேட்கும்போது கெட்ரியலுக்குப் பதில் கெட்டிஸ்ட் பயன்படுத்தச் சொல்வேன். நம் இடத்தில் மனைக்காரர் அடி, இஞ்சில்தான் பேசுவார். வரைபடத்தின் அலகு ஆர்க்கிடெக்சுரல் என்றிருந்தால், இருபது அடி ஆறு இஞ்ச் என்பதை அடி, இஞ்ச் குறிகளோடு அடித்தாலே கெட்டிஸ்ட் வாங்கிக்கொண்டு 246 (இஞ்ச்) என்று உங்களுக்குத் தரும். கெட்ரியல் அதை ஏற்காது. தவிர, எண் நினைவில்லாதவர் வரைபடத்திலேயே இரண்டு புள்ளிகளைத் தொட்டும் நீளம் கொடுக்கலாம்.

இடத்தின் பெயர் கேட்டால் முதல் சொல் மட்டும் வருகிறது. மீதி எங்கே போகிறது?

ஸ்பேஸ் பார் என்டர் என்று மேலே சொன்னேன், அதன் விளைவு இது. "அண்ணா நகர்" என்று அடிக்கிறார். அண்ணாவோடு பதில் முடிந்துவிடுகிறது. "நகர்" அடுத்த கேள்விக்குப் பதிலாகப் போய் விழுகிறது. அடுத்த கேள்வி மாடி எண்ணிக்கை என்றால் அங்கே ஒரு சண்டை நடக்கும். எழுத்துகளைக் கேட்கும் 'கெட்ஸ்ட்ரிங்' அழைக்கும்போது முதலில் 'டி' (லிஸ்பில் 'ஆம்') என்று கொடுத்தால் இடைவெளியை ஏற்கும், என்டர் மட்டுமே முடிக்கும்.

இன்னொன்று: கெட்ஸ்ட்ரிங் மட்டும் என்டருக்கு நில் தராது, வெற்றுச் சரம் தரும். நில் இருக்கிறதா என்று பார்ப்பது இங்கே எப்போதும் தோற்கும்.

தமிழிலேயே அடிக்க வேண்டுமென்றால் 2021 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருப்பது நல்லது. லிஸ்புக்கு யூனிகோட் ஆதரவு அதில்தான் வந்தது.

டயலாக் பெட்டி வைத்தால் இந்தத் தொல்லை இல்லையா?

குறையும். டிசிஎல் (ஆட்டோகேடில் டயலாக் பெட்டிகளை எழுதும் மொழி) பெட்டியில் 'ஸ்டார்ட்_டயலாக்' ஓகே என்றால் 1, கேன்சல் என்றால் 0 தரும். ஒரே இஃப் போதும். பெட்டி மூடிய பிறகு அதிலுள்ள மதிப்புகளைப் படிக்க முடியாது. ஓகே பொத்தானின் செயலிலேயே படித்து மாறிகளில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மேல் கேள்விகள் இருந்தால் பெட்டி, இல்லாவிட்டால் கமாண்ட் லைன் என்பது என் பழக்கம். வேகமாக வரைபவர்கள் மவுஸைத் தேடிப் போவதை விரும்புவதில்லை.

ரைனோவில் பைத்தான் எழுதுகிறேன். அங்கே எப்படி?

அங்கே எஸ்கேப் பிழையாக வருவதில்லை. 'ரைனோஸ்கிரிப்ட்சின்டாக்ஸ்' என்ற பைத்தான் தொகுப்பு தரும் கேள்விகள் எஸ்கேப்புக்கு 'நன்' (ஒன்றுமில்லை) தரும். எளிதுதான், ஆனால் அதிலேயே ஒரு பொறி உண்டு. சௌகார்பேட்டையில் நகை டிசைன் செய்யும் ஒரு நண்பர் கல் பதிக்கும் ஸ்கிரிப்ட் வைத்திருந்தார். கல்லுக்கும் கல்லுக்கும் இடைவெளி எவ்வளவு என்று கேட்கும். 0.2 கொடுத்தால் ஓடும், 0 கொடுத்தால் ஒன்றும் செய்யாமல் முடிந்துவிடும். 'இஃப் நாட்' என்று எழுதியிருந்தார். பைத்தானுக்குச் சுழியமும் 'இல்லை', நன்னும் 'இல்லை'. ஒட்டி ஒட்டிக் கல் வைக்க நினைத்து 0 கொடுத்தவரை ரத்து செய்தவராக எடுத்துக்கொண்டது. 'இஸ் நன்' என்று மாற்றியதும் சரியானது.

என்டரையும் எஸ்கேப்பையும் பிரிக்க வேண்டுமானால் ரைனோவின் இன்னொரு நிரல் தொகுப்பான ரைனோகாமனின் 'கெட்பாயிண்ட்' வகுப்பில் 'அக்செப்ட்நத்திங்' என்பதை இயக்கிவிட்டுக் கேளுங்கள். என்டருக்கு 'நத்திங்', எஸ்கேப்புக்கு 'கேன்சல்' என்று தனித்தனியாக வரும்.

திரை வரைதலை நிறுத்தி வைத்து ஓட்டினால் அதைத் திருப்பி இயக்கும் வரியை, எப்படி முடிந்தாலும் ஓடும் 'ஃபைனலி'க்குள் வையுங்கள். இல்லாவிட்டால் பாதியில் நின்றதும் திரை உறைந்துபோய், ரைனோவே செத்துவிட்டது என்று நினைத்து மூடிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான கற்கள் மேல் ஓடும் சுற்றில் ஒவ்வொரு சுற்றுக்கும் 'எஸ்கேப்_டெஸ்ட்' அழைத்தால் நடுவிலேயே நிறுத்தும் வசதியும் கிடைக்கும்.

அச்சகத்தில் இன்டிசைன், ஃபோட்டோஷாப் ஸ்கிரிப்ட் எழுதுகிறோம். எங்களுக்கு?

கேள்வி கேட்கும் 'ப்ராம்ப்ட்' பெட்டியில் கேன்சல் அழுத்தினால் 'நல்' என்ற வெறுமை வரும். காலியாக விட்டு ஓகே கொடுத்தால் வெற்றுச் சரம் வரும். இரண்டையும் எண்ணாக மாற்றும் 'நம்பர்' என்பதற்குள் போட்டால் 0 ஆகிவிடும். ஆகவே எண்ணாக மாற்றுவதற்கு முன்பே, வந்தது 'நல்'-ஆ, வெற்றுச் சரமா என்று பாருங்கள்.

பில் புக் வேலையில் இன்னொன்றைக் கவனியுங்கள். 1 முதல் 1,500 வரை வரிசை எண் போட வேண்டும். அடிப்பவர் பழக்கத்தில் காற்புள்ளியோடு 1,500 என்று அடிப்பார். எழுத்தை எண்ணாக மாற்றும் 'பார்ஸ்ஃப்ளோட்' காற்புள்ளியைக் கண்டதும் நின்று, 1 என்று தந்துவிடும். ஒரே ஒரு பில் தயாராகும். காற்புள்ளிகளை முதலில் நீக்கிவிட்டு மாற்றுங்கள்.

இன்டிசைனில் ஸ்கிரிப்டை ஓட்டும் 'டூஸ்கிரிப்ட்'டுக்கு முழு ஸ்கிரிப்டும் ஒரே அன்டூ என்ற முறையைக் கொடுக்கலாம். ஃபோட்டோஷாப்பில் அதே வேலையை 'சஸ்பெண்ட்ஹிஸ்டரி' செய்யும்.

கொடுப்பதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

வெற்று ஃபைலில் வேண்டாம், உண்மையான ஒரு வரைபடத்தின் நகலில் ஓட்டுங்கள். ஆஸ்மோட், நடப்பு லேயர் இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வியில் எஸ்கேப். மறுபடி ஓட்டி இரண்டாவது கேள்வியில் எஸ்கேப். இப்படிக் கடைசி வரை. ஒவ்வொரு முறையும் தாளோடு ஒப்பிடுங்கள். அடுத்து அதே வரிசையில் வெறும் என்டர், 0, காலி இடத்தில் கிளிக். பத்துக் கேள்வி இருந்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

அப்புறம் ஸ்கிரிப்டை எழுதாத ஒருவரிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். எதுவும் சொல்லித் தராமல் அவர் கை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். நான் இப்போது எந்தப் புது ஸ்கிரிப்டையும் முதலில் அந்த டிராஃப்ட்ஸ்மேன் அண்ணனிடம்தான் கொடுக்கிறேன். வாங்கியதும் அவர் முதல் வேலையாக எஸ்கேப் அழுத்துகிறார். கீழே ஸ்னாப் பொத்தான் எரிகிறதா என்று பார்க்கிறார். எரிந்தால்தான் முதல் புள்ளியைத் தொடுகிறார்.